சுவரைத் தாண்டிய லாந்தர்க்காரி

ஆடி 5, திங்கள்

கால் உடைந்ததைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாடியில் துணி காயப்போடப் போனேன். படியில் ஈரம். துணி மேலேயே நின்றுவிட்டது, நான் மட்டும் கீழே வந்துவிட்டேன். முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. ஆவணி முடியும்வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார் டாக்டர்.

"ஆவணில எம் மகளுக்குக் கல்யாணம் சார்" என்றேன்.

"தாலி உங்களுக்கா கட்டப்போறாங்க? உக்காந்து பாருங்கம்மா" என்றார். நல்ல டாக்டர். எனக்குச் சமமாக வாயடிக்கிற ஆளைப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

மகள் சுபாஷினி ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். அடித்துப்பிடித்து வந்து, அழுது, என் தலையை வாரிவிட்டு, கிளம்பும்போது தன் விளையாட்டு மெஷினை என் கையில் கொடுத்தாள். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். நடுவில் படம் ஓடும், இரண்டு பக்கமும் பொத்தான்.

"படுத்தே கெடந்தா நீ தெருவுல போறவங்களை எல்லாம் வம்பிழுப்பம்மா. இதை ஆடு."

பள்ளிக்கூடத்து நாளிலிருந்து இந்த ஆட்டத்தைப் பாகம் பாகமாக ஆடிவருகிறவள் அவள். கடைசியாக வந்த பாகத்தை வாங்கிவைத்தும், கல்யாண வேலையில் பிரித்துக்கூடப் பார்க்கவில்லையாம்.

ஆடி 6, செவ்வாய்

கதை இதுதான். ஒரு பெண். கையில் லாந்தர். ஊர் முழுக்க இருட்டு. மலை, கடல், பாழடைந்த கோட்டை என்று அலைந்து அவள்தான் எல்லா இடத்திலும் விளக்கேற்ற வேண்டும். ஒவ்வொரு பாகத்திலும் இவளே மறுபடி பிறந்து மறுபடி விளக்கேற்றுகிறாள் என்று சுபா சொன்னாள். வழியில் வரும் ஆண்பிள்ளைகள் எல்லாரும் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு வழி மட்டும் சொல்கிறார்கள். ஆட்டத்தைச் செய்தவன் எப்போதோ எங்கள் கோவில்பட்டிப் பக்கம் வந்து போயிருக்க வேண்டும்.

எழுத்தெல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழே ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. ஆனாலும் சிரமமில்லை. எதிரில் வருகிறவன் ஒன்று உதவி கேட்கிறான், இல்லையென்றால் புலம்புகிறான். இதற்கு எதற்கு இங்கிலீஷ்?

என் வீட்டுக்காரர் பஞ்சர் கடையிலிருந்து சாப்பிட வந்தவர் பார்த்துவிட்டார்.

"அம்பது வயசுல பொம்மையை வச்சு வெளையாடுதியேட்டி."

"உங்களை வச்சு வெளையாடி அலுத்துப்போச்சுங்க."

ஆடி 8, வியாழன்

ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். ஆவணி ஐந்து, காலையில் பந்தக்கால்.

பந்தக்கால் ஊன்றும்போது பெண்ணின் தகப்பன் கையோடு பங்காளி ஒருவன் கையும் கம்பில் இருக்க வேண்டும். எங்களில் அதுதான் முறை. தகப்பன் தனியாக ஊன்றினால், "பொண்ணுக்கு ஆள் இல்லை" என்று சம்பந்தி வீட்டில் ஒரு பேச்சு வரும். அந்தப் பேச்சு சுபா பின்னாலேயே அந்த வீட்டுக்குள் குடிபோகும்.

எங்களுக்கு நெருங்கிய பங்காளி ஒரே ஆள்தான். தூரத்திலும் இல்லை. முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறான்.

கொழுந்தன் வெள்ளத்துரை, கொத்தனார். மாமனார் இடத்தைப் பாதியாகப் பிரித்தபோது தன் பங்கில் தன் கையாலேயே வீடு கட்டினான். பால் காய்ச்சின அன்று, டவுனில் இருக்கிற கொத்தனார்கள் எல்லாம் வந்து சுவரைத் தடவித் தடவிப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "ஏல, வாசப்படி கோணலா இருக்கே" என்றார். பாயசம் வருவதற்குள் இரண்டு பேரும் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்கள். மறுவாரம் முற்றத்தின் நடுவே சுவர் எழும்பியது. அது மட்டும் கொஞ்சமும் கோணவில்லை.

இது நடந்து நாலு வருஷம். ஆண்பிள்ளைகள் பேசாமல் இருந்தால் போதாது என்று எங்களையும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். நானும் ஓரகத்தி வடிவும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளக் கூடாது. சாமி காரியம், மீறக் கூடாது. நாங்கள் மீறவும் இல்லை. அவள் தன் கோழியிடம் பேசுவாள். நான் அம்மிக்கல்லிடம் பேசுவேன். இப்போது அம்மிக்கு ஓய்வு, மாவுக்கட்டுக் கால் வந்துவிட்டது.

இவரிடம் கேட்டேன். "பந்தக்காலுக்கு யாரைக் கூப்பிடப் போறீய?"

"எட்டயபுரத்து அண்ணன் இருக்காவள்ளா."

"அவ்வோ போன தையிலயே போய்ச் சேந்துட்டாவ."

"அவரு மகன்?"

"சவுதியில."

"அப்ப ரெண்டு கையாலயும் நானே பிடிச்சுக்கிடுதேன்" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கென்ன வந்தது. நான் ஆட்டத்தைப் பார்க்கிறேன்.

ஆடி 11, ஞாயிறு

கட்டிலை முற்றத்தில் சுவரோரமாகப் போடச் சொன்னேன். காற்றுக்காகத்தான்.

அந்தச் சுவரில் ஒரு ஓட்டை உண்டு. போர்க்குழாய் எங்கள் பக்கம் இருப்பதால், அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் ஓஸ் போவதற்காக ஓட்டை விட்டுத்தான் கட்டினான். கோபக்காரனுக்கும் தாகம் எடுக்குமே. ஒரு தூக்குவாளி நுழைகிற அளவு.

"ஏ செவலை" என்று அந்தப் பக்கத்திலிருந்து கோழியைக் கூப்பிடுகிற வடிவின் குரல். "அங்கன ஒருத்தவ காலை ஒடிச்சுக்கிட்டுக் கெடக்காவளாம். ரசம் வச்சிருக்கேன், வாங்கிக்கிடச் சொல்லு."

"ஏ காலே, உப்புப் போட்டிருக்கான்னு கேளு. போன தடவை போடல."

"உப்பெல்லாம் இருக்கு செவலை. சிலதுகளுக்கு நாக்குலதான் கோளாறு."

ரசம் வந்தது. உப்பு சரியாகத்தான் இருந்தது, ஆனால் அதை நான் காலிடம்கூடச் சொல்லவில்லை.

ஆட்டத்தில் லாந்தர்க்காரி படகில் கடலைத் தாண்ட வேண்டும். நடுவில் சுழி. என் விரல் சட்டென்று திரும்பாததால் பிள்ளை முழுகி முழுகிச் சாகிறாள். அந்த ஆட்டத்தில் செத்தால் பாதகமில்லை, இலுப்பை மரம் போல ஒரு மரத்தடியில் எழுந்துவிடுவாள். எனக்குத்தான் பாவமாக இருக்கிறது.

"ஏ காலே, எவளுக்காவது விரல் வேகமா ஓடுச்சுன்னா இந்தப் பிள்ளையைக் கரை சேக்கலாம்" என்றேன். தூக்குவாளியைக் கழுவித் துடைத்து மெஷினை உள்ளே வைத்து ஓட்டை வழியாகத் தள்ளினேன். எப்படி ஆடுவது என்று காலுக்கு விளக்கமாகச் சொல்லிக் கொடுத்தேன், சத்தமாக.

ஆடி 12, திங்கள்

பிள்ளை அக்கரையில் நிற்கிறாள். புதுச் செருப்பு வேறு போட்டிருக்கிறாள்.

ஆடி 14, புதன்

பகலில் மெஷின் என்னிடம். சாயங்காலம் தூக்குவாளியில் ஏறி அந்தப் பக்கம் போகும், காலையில் இட்லியோடு திரும்பி வரும்.

இப்போது கல் அடுக்கிப் படி கட்டி மேலே ஏறுகிற இடம். நான் அடுக்கினால் அது படியாக வராது, குப்பைமேடாகத்தான் வருகிறது. இன்று காலை பார்த்தால் பாறை உச்சிவரை படி. ஒன்றின் இணைப்பின் மேல் இன்னொன்றின் நடுப்பகுதி வருகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்து, ஓரத்தில் கைப்பிடிச் சுவர் வேறு.

"ஏ காலே, இது பொம்பளை கட்டுனது மாதிரி இல்லையே."

வடிவு குரலைத் தாழ்த்தி, "செவலை, இந்த வீட்டு மனுசன் வேலை விட்டு வந்து சிமெண்டைக் கழுவுறதுக்கு முன்னாடி அதைத் தூக்கி வச்சுக்கிடுதாரு. எந் தங்கச்சி மக குடுத்ததுன்னு சொல்லி வச்சிருக்கேன். காட்டிக் குடுத்துறாதன்னு சொல்லு."

நான் யாரைக் காட்டிக் கொடுக்க? இங்கேயும் அதே கதைதான். மதியம் நான் கண்ணயர்ந்தால் மெஷின் என் தலைமாட்டிலிருந்து நகர்ந்துவிடுகிறது. இன்று அரைக்கண்ணால் பார்த்தேன். இவர் கதவு மூலையில் குத்தவைத்து, ஆட்டத்துக்குள் மொட்டைப் பாலத்தில் மாட்டிக்கொண்ட ஒரு ஆட்டுக்குட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அது ஒரு அடி வரும், மிரண்டு இரண்டு அடி பின்னால் போகும். வேறு யாராக இருந்தாலும் மெஷினை எறிந்திருப்பார்கள். இவர் "வாடா வாடா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இறக்கிவிட்டார்.

நான் முழித்ததும், "சார்ஜ் இருக்கான்னு பாத்தேன்" என்றார்.

"இருக்குதாங்க?"

"இருக்கு, இருக்கு."

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எனக்குப் பதில் இவரே சமைத்தார். எலுமிச்சம் சாதம் கசந்தது, பாராட்டிவிட்டேன்.

சாப்பிட்டதும் வெளிப்படையாகவே மெஷினை எடுத்தார். ரொம்ப நேரம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, இந்தப் படியெல்லாம் நீயா கட்டுன?"

"பின்ன?"

"நூல் பிடிச்சாப்பில இருக்கு. ஒரு கல்லு வெளிய தள்ளல, உள்ள போகல. கையில தொழில் இருக்குட்டி ஒனக்கு."

கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயால் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு இதுதான். அதுவும் எனக்கு இல்லை. சிரிப்பை அடக்கப்போய் எனக்குப் புரையேறியது.

ஆடி 19, திங்கள்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. சுபா சொல்வது சரிதான்.

காலையிலிருந்து மழை. கட்டட வேலை நின்றதால் கொழுந்தன் வீட்டில் இருந்தான். இருமல் கேட்டது. மெஷினும் அந்தப் பக்கம்தான் இருந்தது. இதுதான் சமயம் என்று கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஏ காலே, சங்கதி தெரியுமா? இந்த வீட்டு ஐயா நேத்து அந்தக் கல்லுப்படியைப் பாத்துட்டு வாயைப் பொளந்துட்டாரு. நூல் பிடிச்சாப்பில இருக்காம். கட்டுனவன் கையில தொழில் இருக்காம். யாரு கட்டுனதுன்னு தெரியாமலே சொல்லுதாரு, பாவம்."

இருமல் நின்றது. நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். சிரிப்பான் என்று நினைத்தேன். இல்லை, திட்டுவான் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்டது. வடிவுதான் ஏதோ கிளறுகிறாள் என்றிருந்தேன்.

சாயங்காலம் பார்க்கிறேன், ஓட்டையில் ஓஸ் போகிற இடம் மட்டும் விட்டு, சுற்றிலும் செங்கல் வைத்துச் சிமெண்ட் பூசியிருக்கிறான். அது யார் வீட்டு மெஷின் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று; மெஷினும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

ஆடி 20, செவ்வாய்

இன்று கோழிச் சத்தம் மட்டும்.

ஆடி 23, வெள்ளி

இவர் மெஷினைத் தேடினார். தலையணைக்கு அடியில் தேடினார், பீரோவில் தேடினார், அரிசி டிரம்மில்கூடக் கையை விட்டுப் பார்த்தார். வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டேன், முதலிலிருந்து கடைசிவரை. சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் ஒரு கையோடு நின்றுவிட்டார். அப்படியே கடைக்குப் போனார். மதியம் சாப்பிடவும் வரவில்லை.

சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சுழியைத் தாண்டுனது?"

"அது வடிவு."

"படி?"

"அதான் சொன்னேனே."

"ஆட்டுக்குட்டியை இறக்குனது அவன் பாத்தானா?"

"பாத்திருப்பாரு."

"பாத்துட்டு என்ன சொன்னான்?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அந்த வீட்டுக்காரவுககிட்டப் பேசுறதில்லையே. சத்தியம் பண்ணியிருக்கேன்."

இவர் சுவரைப் பார்த்தார். "கோழி என்ன சொல்லுச்சு?"

நாலு வருஷமாக எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு.

"கோழி சொல்லுச்சு, 'இம்புட்டுப் பொறுமை யாருக்கு இருக்கு, சின்ன வயசுல எங்கண்ணன்தான் இப்படி' அப்படின்னு அந்த வீட்டுல ஒருத்தர் சொன்னாராம்."

இவர் எழுந்து போய்ச் சட்டியில் இருந்த பழைய சாதத்தைப் போட்டுச் சாப்பிட்டார்.

இது கோழி சொன்னதா, நான் சேர்த்ததா என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

ஆடி 26, திங்கள்

சுபா போன் செய்தாள். புடவைக்கு பிளவுஸ் தைத்தாயிற்று, இன்ன நிறம், இன்ன கை. எல்லாம் சொல்லிவிட்டு, "சித்தப்பா வருவாராம்மா?" என்று கேட்டாள். சும்மா கேட்பது போல் கேட்டாள். சின்னப் பிள்ளையில் அவன் சைக்கிள் பாரில் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனவள்.

"வராம?" என்றேன்.

"ஆட்டம் எதுவரைக்கும் வந்திருக்கு?"

"கடைசிக் கோபுரம்" என்றேன். எதுவரை வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் போன பிள்ளை.

"அய்யோ அம்மா, அதுதான் கஷ்டம். எல்லாப் பாகத்துலயும் அந்தக் கோபுரத்துல வேணும்னே கல்லைக் கம்மியா வச்சிருப்பான். யோசிக்கணும்."

கோபுரத்தைப் பற்றிச் சுபா சொன்னதை இவரிடம் அப்படியே சொன்னேன். கல்யாணத்தைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. இருட்டில் ஒரு பிள்ளை தனியாக நிற்கிறாளே என்றுதான் இருக்கிறது. சாதம் இறங்கவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

ஆடி 29, வியாழன்

இவர் கடைக்குப் போகாமல் மோட்டாரைப் போட்டார், நிறுத்தினார், ஓஸைக் குலுக்கிப் பார்த்தார், பூச்சைத் தட்டிப் பார்த்தார். மோட்டாரில் ஒரு கோளாறும் கிடையாது. நான் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டேன்.

"ஏல" என்றார் சுவரைப் பார்த்து.

அந்தப் பக்கம் துணி துவைக்கிற சத்தம் நின்றது.

"அந்தக் கோபுரத்துக்குள்ள போயாச்சா, இல்லையா?"

கோழி கொக்கரித்தது. அதற்கு இன்றைக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கொழுந்தன் குரல்தான் வந்தது.

"மூணாவது மாடியில நிக்கேன். கல்லு பத்தல."

"கீழ கட்டி வச்சிருக்கியே, அந்தப் படியைப் பிரிச்சு எடுத்துக்கிட்டா என்ன? ஏறியாச்சுல்லா, இனி அது எதுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா பிரிக்க வேண்டியதுதான."

"மனசு வரல."

இவர் உள்ளங்கையைச் சுவர்மேல் வைத்துக்கொண்டு நின்றார். "பிரிச்சிருல. நான்தான் பாத்துட்டேன்லா. நல்லா இருந்துச்சு."

கொஞ்ச நேரத்தில் மெஷின் போடுகிற பாட்டுச் சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. இவர் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து, "வலது பக்கம் தூணு இருக்கான்னு பாரு" என்றார்.

நான் தூங்குகிறவள் மாதிரியே படுத்திருந்தேன். குறட்டைகூட விட்டேன்.

ஆவணி 4, புதன்

நாளைக்குப் பந்தக்கால். பங்காளியை வீட்டுக்குப் போய்த் தாம்பூலம் வைத்துத்தான் கூப்பிட வேண்டும். சுவர் வழியாகக் கூப்பிட்டால் சேராது.

தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லி, காலை ஒரு முக்காலியில் நீட்டி உட்கார்ந்துகொண்டேன். தாம்பூலத் தட்டோடு இவர் அடுத்த வீட்டு வாசலுக்குப் போனார். போனவர் அந்த வாசற்படி முன்னால் நின்றுவிட்டார். தலை குனிந்து படியையே பார்த்தார். பார்க்காதீங்க, நிமிர்ந்து பாருங்க என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. இதே படி, இதே ஆள், இதே வாய்.

கொழுந்தன் வெளியே வந்தான். ரெண்டு பேருக்கும் நடுவில் அந்தப் படி.

"நாளைக்குப் பந்தக்கால்" என்றார் இவர்.

"தெரியும்."

"படி நேராத்தான்ல இருக்கு. அன்னைக்கு வெயிலு. கண்ணு கூசிட்டு."

கொழுந்தன் வேட்டி நுனியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தான். "இல்லண்ணே. கோணல்தான்."

"ஏ, அதெல்லாம் இல்ல."

"ஒரு விரக்கடை கோணல். சிமெண்ட் இறுகுன பொறவு எனக்கே தெரிஞ்சிட்டு. அத்தனை கொத்தனும் வந்து பாத்தானுவ, ஒருத்தனும் கண்டுபிடிக்கல. தப்பிச்சுட்டோம்னு இருந்தேன். நீ வந்து பாத்த உடனே சொல்லிட்ட."

"சைக்கிள் வீல் கோட்டம் பாக்குற கண்ணுல இது. என்ன செய்யச் சொல்லுத."

"மெதுவாச் சொல்லியிருக்கலாம்லா."

"சொல்லியிருக்கலாம்" என்றார் இவர். தட்டைக் கொடுத்தார். கொழுந்தன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு இரண்டு பேரும் முக்குப் பிள்ளையாருக்குச் சிதறுதேங்காய் போட்டு, எங்கள் சத்தியத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார்கள். சாமிக்கும் இப்போதுதான் நிம்மதியாக இருக்கும். நாலு வருஷமாகக் கோழி பேச்சையும் அம்மி பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்ததே.

ஆவணி 5, வியாழன்

பந்தக்கால் நல்லபடி ஊன்றியாயிற்று. கொழுந்தன் கடப்பாரையோடு விடியவுமே வந்து குழி தோண்டினான். இரண்டு பேர் கையும் கம்பில் இருந்தது. "இந்தப் பக்கம் சாயுது", "எந்தப் பக்கம்", "ஒன் பக்கம்" என்று சண்டை போட்டுக்கொண்டேதான் நட்டார்கள். ஐயர் இரண்டு தடவை மந்திரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஓசூர் பஸ்ஸில் இறங்கி நேரே வந்த சுபா, பையைக்கூட இறக்காமல் சித்தப்பா முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். கொழுந்தன், "சிமெண்ட் சட்டைம்மா, சிமெண்ட் சட்டை" என்றான். அது நேற்று வாங்கின புதுச் சட்டை.

கோபுரத்து உச்சியில் விளக்கேற்றிவிட்டார்களாம். நான் பார்க்கவில்லை. பந்தல் போடுகிற ஆள் வந்து இவர்களைக் கேட்டபோது அண்ணனும் தம்பியும் அறையில் உட்கார்ந்து, பழைய பாகமெல்லாம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கல்யாணப் பெண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வடிவு வாசல் வழியாக வந்தாள். மல்லிகைப்பூ பந்து ஒன்று கையில். நேரே என் கட்டிலுக்கு வந்து ஓரத்தில் உட்கார்ந்தாள். நாலு வருஷம் கழித்து எனக்கு எதிரே, இவ்வளவு கிட்டத்தில் அவள் முகம். காது பக்கம் நரைத்திருக்கிறது. குரலை வைத்து நான் நினைத்திருந்த முகம் இதைவிட இளசு.

சுவர் இல்லை, கோழி இல்லை. பேசலாம், தடையே கிடையாது. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஊரையே வாயால் கட்டி இழுக்கிறவள் நான். அவளும் வாயைத் திறந்தாள், மூடினாள். பூப்பந்தைப் பிரித்து என் தலையில் வைத்துவிட்டாள். ஊசி குத்தியது. அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

"யக்கா" என்றாள்.

"என்னட்டி?"

"ஒண்ணுமில்ல. சும்மா கூப்பிட்டுப் பாத்தேன்."

"இன்னொரு மட்டம் கூப்பிடு" என்றேன்.